மூன்று இலந்தைப் பாட்டின் கடைசி வரி

மூன்று இலந்தை ஊருக்கு இன்னும் ஒரு கல் தூரம் இருக்கும்போதே லூ யான் தன் மணியின் நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டான்.

மர நாக்கு வைத்த வெண்கல மணி அது. வசந்தம் வந்தால் பாட்டு எழுதும் எழுத்தர் அதை அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். சத்தம் கேட்டு ஜனங்கள் வந்து தங்கள் பாட்டைச் சொல்ல வேண்டும். மூங்கில் பட்டையில் ஏறிய பாட்டு மாகாண அதிபதியின் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து கட்டாகத் தலைநகருக்குப் போகும். குடிகள் எப்படி இருக்கிறார்கள் என்பதைச் சக்கரவர்த்தி பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். அப்படித்தான் சொல்வார்கள். பன்னிரண்டு வருடமாக லூ யானும் போகிற இடமெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்தான்.

"மணிக்கு என்ன ஆச்சு, எழுத்தர் தம்பி?" கழுதை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஷி திரும்பிப் பார்க்காமலே கேட்டார். ஐம்பதைத் தாண்டியவர். எட்டு நாளாக இவனை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறார்.

"தலை வலிக்குது மாமா."

"மணிக்கா, உங்களுக்கா?"

வண்டி சத்தமில்லாமல் போவது ஷிக்குப் பிடிக்கவில்லை. பாட ஆரம்பித்தார்.

மஞ்சள் ஆத்துல வாத்துக் கூட்டம்,
ரெண்டு ரெண்டா இறங்குது.

"வேற பாட்டு தெரியாதா உங்களுக்கு?"

"வேற பாட்டா? சத்திரத்துக்குச் சத்திரம் இதுதான் தம்பி. இந்தக் கழுதையே இதைப் பாடினாத்தான் காலைத் தூக்குது." ஷி சாட்டைக் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார். "கடைசி வரிதான் இதுக்கு உசுரு. சோகமா, சோகமா போயிட்டே இருக்கும். டக்குன்னு 'எங்கள் தலைவர் ஆயிரம் ஆண்டு வாழ்க'ன்னு ஒரு தூக்கு. அழுதுட்டிருந்தவன் மூக்கைத் துடைச்சிட்டு இன்னொரு கிண்ணம் கேப்பான். அதை வச்சவன் எவனோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

லூ யான் இரண்டு கைகளையும் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டான். பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி. அதிபதி கொடுத்தது. அந்தப் பாட்டுக்காகக் கொடுத்தது.

"என் மூத்தவன் கரை வேலைக்குப் போய் எட்டு மாசமாச்சு," என்றார் ஷி. "ஒரு மாசம்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. ஆறு பெருசு, கரை நீளம், என்ன பண்றது. அவனும் அங்க இதைத்தான் பாடிட்டு மண்ணு சுமப்பான்."

அந்த மகன் எங்கே மண் சுமக்கிறான் என்று லூ யானுக்குத் தெரியும். சொல்லவில்லை. எட்டு நாளாகச் சொல்லவில்லை.

போன வசந்தத்திலும் இதே வழியாகத்தான் வந்தான். அப்போது மணியை நன்றாகவே அடித்தான். பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலை பறிக்கும் காலம். பெண்கள் கூடைகளோடு தோப்பில் நின்றிருந்தார்கள். காதல் பாட்டு நாலு, மாமியாரைத் திட்டும் பாட்டு இரண்டு, ஊர்த்தலைவரின் தொந்தியைப் பற்றி ஒன்று. எல்லாவற்றையும் எழுதி முடிக்கும்வரை ஒருத்தி மட்டும் மரத்தடியில் சும்மா நின்றாள். பிறகு வந்தாள். தாவ் குய் என்று பெயர். ஹே ஷுன் என்பவனின் மனைவி. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும்.

"நாங்க சொல்றதை அப்படியே எழுதுவீங்களா, உங்க இஷ்டத்துக்கு எழுதுவீங்களா?"

"அப்படியேதான் அண்ணி."

"ராஜா காதுக்குப் போகுமா?"

"போகும். இல்லேன்னா நான் எதுக்கு ஊர் ஊரா நாயா அலையறேன்?"

"ரெண்டு தடவை மனு கொடுத்தேன். மொதல் தடவை துரத்தினாங்க. ரெண்டாம் தடவை முதுகுல நாலு போட்டாங்க. பாட்டு சொன்னா அடிக்க மாட்டாங்களாமே?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினாள்.

மஞ்சள் ஆத்துல வாத்துக் கூட்டம்,
ரெண்டு ரெண்டா இறங்குது.
முப்பது நாளுன்னு கூட்டிப் போனாங்க,
முப்பது நாளுக்கு மாவு இடிச்சேன்.

மஞ்சள் ஆத்துல வாத்துக் கூட்டம்,
ரெண்டு ரெண்டா எழும்புது.
முந்நூறு நாளா மாவு இடிக்கிறேன்,
உலக்கை தேஞ்சுது, ஆளைக் காணோம்.

கரைக்குப் போனேன், கரையில இல்ல.
"மண்ணு எங்கே?" "தூரம் போச்சு."
"ஆளு எங்கே?" "மண்ணோட போச்சு."

அதற்குப் பிறகு ஒரு கடைசி வரி. அந்த மண் யாருக்காகப் போகிறது என்று அது சொன்னது. மாகாணத்தில் அநேகம் பேர் அறியாத விஷயம். ஆற்றங்கரைக்கென்று பிடித்துக்கொண்டு போன ஆட்களை, அதிபதி வடக்குக் குன்றில் தன் சமாதி மேட்டுக்கு மண் சுமக்க வைத்திருந்தார். மனிதர் உயிரோடு, நல்ல தெம்போடுதான் இருந்தார். பெரியவர்கள் முன்கூட்டியே இடம் பார்த்து வைப்பது வழக்கம். அந்த வழக்கத்துக்குச் சொந்த ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும், சொந்தச் சோறு போட வேண்டும். குன்றிலிருந்து தப்பி வந்த ஒருவன் ஹே ஷுனின் சேதியை அவளிடம் கொண்டுவந்திருந்தான். மூன்று இலந்தையில் மட்டும் நாற்பது பேர் போயிருந்தார்கள். அவளுடைய தம்பியும் போயிருந்தான்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. பட்டையில் இருப்பது தன் பாட்டுத்தானா என்று பார்க்க அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. எழுதியதை வைத்து அவனைத் திருப்பிப் பாடச் சொன்னாள். முதல் தடவை 'எழும்புது' இருக்கவேண்டிய இடத்தில் மறுபடியும் 'இறங்குது' என்று பாடினான். திருத்தினாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. மூன்றாம் தடவையும் பாடச் சொன்னாள்.

"சரி. இப்ப அது உங்ககிட்ட இருக்கு," என்றாள்.

அதிபதியின் இலையுதிர்கால விருந்துக்கு முந்தின நாள் அலுவலகத்தில் லூ யான் அந்தப் பட்டையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைநகருக்குப் போகுமுன் அந்த வருடத்துப் பாட்டுகளில் நல்லதாக ஐந்தை விருந்தில் பாடிக் காட்டுவார்கள். இந்தப் பாட்டு நல்ல பாட்டு. பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு நல்ல பாட்டு அவன் கைக்கு வந்ததில்லை. வாத்து என்று எங்கோ ஆரம்பித்து, ஒரு சொல்லை மட்டும் மாற்றி அதையே இரண்டாம் தடவை சொல்லி, மாவு இடிக்கிற சத்தத்திலேயே முந்நூறு நாளையும் ஓட்டிவிடுகிற பாட்டு. படித்தவர்கள் பத்து நாள் தாடியை உருவினாலும் வராது.

எழுத்தரின் இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி தொங்கும். பட்டையில் தப்பாக எழுதியதைச் சுரண்டி எடுக்க. அதை எடுத்தான். கடைசி வரியைச் சுரண்டினான். 'எங்கள் தலைவர் ஆயிரம் ஆண்டு வாழ்க' என்று அந்த இடத்தில் அதிபதியை வாழ்த்தி எழுதினான்.

யாரும் சொல்லவில்லை. யாரும் மிரட்டவில்லை. அந்தப் பாட்டு இருப்பதே அப்போது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பயம் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயமும் இருந்தது. ஆனால் கத்தியை எடுத்தபோது மனதில் ஓடியது அது இல்லை. தான் கொண்டுவந்த பாட்டு விருந்தில் பாடப்பட வேண்டும் என்பதுதான் ஓடியது. வேண்டாம் என்றால் பட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டிருக்கலாம். அது அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

இசைக்குழுவின் தலைவர் கோங் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவன் பாடிக் காட்டியதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஊர்ப்பாட்டு எங்க வலிக்குதோ அங்கதான் முடியும்டா யான். இது வலிக்காத இடத்துல முடியுதே."

"வழக்கப்படி வாழ்த்து வச்சேன் ஐயா."

"வழக்கத்தை நீ எனக்குச் சொல்றியா? விருந்துப் பாட்டுன்னா கடைசி வரிக்கு அப்புறம் ஒரு வாழ்த்தை ஒட்டுவோம். நாப்பது வருஷமா நான்தான் ஒட்டறேன். கடைசி வரி எங்க?"

"இதுதான் ஐயா கடைசி வரி."

கோங் கையை நீட்டினார். பட்டையை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். முடிவுக்கு வந்ததும் விரல் பள்ளத்தில் இறங்கி நின்றது. அங்கே மூங்கில் பாதிக் கனம்தான் இருந்தது.

"சரி. பாடிடலாம்," என்று பட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

விருந்தில் அதிபதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'உலக்கை தேஞ்சுது' வந்தபோது மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பொய் இல்லை, நிஜமாகவே வந்தது. "என்ன எளிமை, என்ன எளிமை," என்றார். மூன்று தடவை பாடச் சொன்னார். வந்திருந்த பெரிய மனிதர்கள் அதே மெட்டில், அதே வாத்தை வைத்து, புருஷனைப் பிரிந்த பெண் பாடுவது போல ஆளுக்கொரு பாட்டு எழுதினார்கள். அவர்களில் ஒருவரும் உலக்கையைக் கையால் தொட்டவர் இல்லை. மாதம் முடிவதற்குள் சத்திரங்களில் பாடினார்கள். அந்தப் பட்டை அப்படியே தலைநகரக் கட்டில் போயிற்று. லூ யானுக்கு மேலங்கி வந்தது.

இப்போது அதே மேலங்கியோடு மூன்று இலந்தைக்குள் போகிறான். போகாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் போய்வந்ததற்கு ஊர்த்தலைவரின் முத்திரை வாங்க வேண்டும். முத்திரையை வாங்கிக்கொண்டு தோப்புப் பக்கம் போகாமல் திரும்பிவிடலாம் என்பது அவன் போட்ட கணக்கு.

ஊர்த்தலைவர் தோப்பில் இருந்தார்.

மரங்களுக்குள்ளே இருந்து பெண்கள் பாடுவது கேட்டது. வாத்துப் பாட்டுத்தான். உலக்கை தேய்ந்தது, மண் தூரம் போயிற்று, ஆள் மண்ணோடு போயிற்று. பிறகு எல்லாக் குரலும் சேர்ந்து, கிண்டலாக இழுத்து, எங்கள் தலைவர் ஆயிரம் ஆண்டு வாழ்க. லூ யானின் காது கொதித்தது. மேலங்கியைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

"பாட்டு எழுத்தர் வந்துட்டாரு," என்றாள் ஒருத்தி. "மணிச் சத்தமே காணோம்?"

"மணிக்குத் தலைவலியாம்," என்றார் பின்னால் வந்த ஷி. பெண்கள் சிரித்தார்கள்.

தாவ் குய் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். தலையில் துக்கத்துக்குக் கட்டும் வெள்ளைச் சணல் துணி கட்டியிருந்தாள். இடுப்பிலும் சணல் கயிறு. லூ யான் அதைப் பார்த்தான். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. எப்போது என்று மட்டும் கேட்டான்.

"எப்ப அண்ணி?"

"உறைபனி விழுந்த மாசம். மேடு சரிஞ்சுதாம். ஒன்பது பேரு. எங்க ஊர்ல மூணு." கைகளைக் கால்சட்டையில் துடைத்தாள். "தம்பி தப்பிச்சான். இன்னும் அங்கதான் இருக்கான். முப்பத்தேழு பேரு இருக்காங்க. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். யாரோ ஒரு கிண்ணம் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

"ராஜா கேட்டாரா?"

"கட்டு தலைநகருக்குப் போச்சு அண்ணி. கேட்டிருப்பாரு."

"முழுசாவா?"

லூ யான் வெந்நீரைக் குடித்தான். நாக்கைச் சுட்டது.

"மாசி மாசம் உப்பு விக்கிறவன் வந்தான்," என்றாள் தாவ் குய். "வாசல்ல நின்னு இதைப் பாடறான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. மேல போய்த் திரும்பி வந்திருக்கு, இனி ஆளும் திரும்பி வந்துடும்னு நெனச்சேன். அவரு செத்த சேதி அப்ப எனக்கு வரலை. உள்ள ஓடிப்போய் மாவு பிசைஞ்சேன். பிசைஞ்சுக்கிட்டே கேக்கறேன், கடைசியில ஆயிரம் ஆண்டு வாழ்கங்கறான். அவனைக் கூப்பிட்டு உக்கார வச்சு மூணு தடவை பாடச் சொன்னேன். மூணு தடவையும் அதேதான்."

அவள் குரலில் கோபம் இல்லை. காயப்போட்ட துணி நனைந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"அந்த வரியை யாரு வச்சது?"

"விருந்துல பாடறவங்க அண்ணி," என்றான் லூ யான். வாய் தானாகவே சொல்லிற்று. "வாழ்த்து வைக்கறது அவங்க வழக்கம். நம்ம கையில இல்ல."

தாவ் குய் அவனைப் பார்த்தாள். பிறகு மற்றப் பெண்களைப் பார்த்தாள். ஊர்த்தலைவர் முத்திரையைத் தேடுவது போல இடுப்புப் பையைத் துழாவினார்.

"சரி, புதுசா ஒண்ணு வச்சிருக்கேன். எழுதிக்கங்க."

லூ யான் மசியைக் குழைத்தான். புதுப் பட்டை எடுத்தான். அவள் நின்றபடியே பாடினாள்.

மஞ்சள் ஆத்துல வாத்து ஒண்ணு,
ஒத்தையா இறங்குது.
இடிச்ச மாவு பானையில இருக்கு,
தின்னுற வாயில மண்ணு இருக்கு.
எங்கள் தலைவர் ஆயிரம் ஆண்டு வாழ்க.

தூரிகை பாதியில் நின்றது.

"எழுதுங்க எழுத்தரே. இந்தத் தடவை கடைசி வரியை நானே வச்சுட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்."

ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி அவள் தோளில் தட்டினாள். லூ யான் தலையைக் குனிந்துகொண்டான். பட்டையில் மசி ஒரு சொட்டு விழுந்து பரவியது.

"நான்தான் சுரண்டினேன்," என்றான்.

"தெரியும்."

"எப்படி?"

"பாட்டுக்காரன் வரியைக் கூட்டுவான், குறைக்க மாட்டான். அவன் பொழப்பு அது. இருக்கறதை எடுக்கணும்னா கத்தி வேணும்." அவன் இடுப்பைப் பார்த்தாள். "கத்தி வச்சிருக்கறது யாரு?"

மன்னிப்புக் கேட்கலாம். செத்தவனுக்காகக் கட்டிய சணல் துணிக்கு முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பது, தன் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றுவது மாதிரி. அவளுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது.

"பழசை இப்ப எழுதறேன்," என்றான். "முழுசா. நீங்க பாத்துட்டிருக்கும்போதே. இந்த வருஷக் கட்டுல போகும்."

அவன் இன்னொரு பட்டை எடுத்து வேகமாக எழுதினான். வாத்து, மாவு, உலக்கை, மண். கடைசி வரிக்கு வந்தான்.

வரவில்லை.

அது என்ன சொல்கிறது என்று தெரியும். சமாதி, அதிபதி, ஆட்கள் எல்லாம் தெரியும். வரி மட்டும் இல்லை. ஒரு வருடமாக அந்த இடம் வந்தால் மனசு தானாக ஆயிரம் ஆண்டுக்குத் தாவிப் பழகிவிட்டது. இப்போதும் அதுதான் வந்து நின்றது. அதைத் தள்ளினால் பின்னால் ஒன்றுமே இல்லை. மூங்கிலில் மட்டும்தான் சுரண்டியதாக நினைத்திருந்தான்.

"என்ன?" என்றாள் தாவ் குய்.

அவன் தூரிகையை மறுபடி மசியில் தோய்த்தான்.

"மறந்துட்டீங்களா?"

பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. வரப்பில் உட்கார்ந்திருந்த ஊர்த்தலைவர்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மூன்று தடவை திருப்பிப் பாடிய வரி. லூ யானுக்குக் கழுத்து, கன்னம், காதுமடல் எல்லாம் எரிந்தது. முப்பத்து நாலு வயதில், தலையில் எழுத்தர் தொப்பியோடு, பாடம் மறந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"சொல்லிக் கொடுங்க அண்ணி," என்றான் கடைசியில்.

அவள் ஏணிப் பக்கம் திரும்பினாள். அவனை அப்படியே விட்டுவிட்டு ஏணியில் ஏறிவிடுவாள் என்றுதான் தோன்றியது. ஆனால் முப்பத்தேழு பேர் இருந்தார்கள். தம்பி இருந்தான்.

உசுரோட இருக்கறவருக்கு ஒரு சமாதி, உசுர விடுறவன் எங்காளு.

எழுதினான். எழுதியதைத் திருப்பிப் பாடச் சொன்னாள். பாடினான். இரண்டாம் தடவை பாடச் சொன்னாள். பாடினான். மூன்றாம் தடவை, "சத்தமா," என்றாள். தோப்பு முழுக்கக் கேட்கும்படி பாடினான். அவன் குரல் நல்ல குரல் இல்லை.

"சரி," என்று கையை நீட்டினாள். "கத்தியைக் கொடுங்க."

கத்தி இல்லாத எழுத்தர் கிடையாது. அதை அவிழ்த்துக் கொடுத்தால் நாளைக்கு அடுத்த ஊரில் ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது. அவிழ்த்துக் கொடுத்தான். அவள் கட்டைவிரலால் கூர்மை பார்த்தாள், ஒரு முசுக்கொட்டைக் காம்பை நறுக்கிப் பார்த்தாள், கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நல்ல கத்தி," என்றாள். ஏணியில் ஏறிவிட்டாள்.

ஊர்த்தலைவர் அவன் முகத்தைப் பார்க்காமல் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வண்டி கிளம்பியது. நகரத்தில் கடைத்தெருவுக்குப் போனால் அந்த மாதிரிக் கத்தி பத்துக் கிடைக்கும். அது லூ யானுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருக்காது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவன் கை இடுப்புக்குப் போய் வெறும் கயிற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. விருந்துக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. ஆறு மாதத்தில் தான் என்ன செய்வான் என்று யோசித்தான். தன்மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை.

கேலி பேசிய கையோடு ஷி தோப்பிலிருந்து வண்டிக்குத் திரும்பி, கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்றாம் தடவை சத்தமாகப் பாடியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"தம்பி."

"சொல்லுங்க மாமா."

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்க."

லூ யான் சொன்னான். மறக்கவில்லை.

"எந்தச் சமாதி?"

"வடக்குக் குன்னுல. அதிபதியோடது."

"கரை வேலைக்குன்னு போனவங்க?"

"எல்லாரும் அங்கதான்."

ஷி கழுதையை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் கோதுமை முழங்கால் உயரம் நின்றிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"போன வருஷம்."

"நான் எம் பையனைப் பத்திச் சொன்னப்போ?"

"தெரியும்."

"அந்த ஆயிரம் வருஷத்தை வச்சது யாரு?"

தோப்பில் சொன்ன பொய் நாக்கில் தயாராக இருந்தது. இங்கே அதைப் பிடித்துவிட ஆள் இல்லை.

"நான்தான் மாமா."

ஷி திரும்பினார். இப்போதுதான் புதிதாக வண்டியில் ஏறியவனைப் பார்ப்பது போல அவன் தொப்பியை, மேலங்கியை, கைகளைப் பார்த்தார். அடிப்பார் என்று லூ யான் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். ஷி வண்டிக்கு வெளியே ஒரு தடவை துப்பினார். கழுதையைத் தட்டினார்.

கொஞ்ச தூரம் போனதும் பாட ஆரம்பித்தார். முதலில் மெல்ல, சொல் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது போல. வாத்து இறங்கியது, வாத்து எழும்பியது, உலக்கை தேய்ந்தது. கடைசியில் உயிரோடு இருக்கிறவருக்கு ஒரு சமாதி. மறுபடி முதலிலிருந்து. எதிரே விறகு வண்டி ஒன்று வந்தது. அதில் இருந்தவன் பழைய பாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினான். கடைசி வரியில் அவன் மட்டும் ஆயிரம் ஆண்டு என்று தனியாகப் போய், பாதியில் நிறுத்தி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். ஷி நிறுத்தவில்லை.

லூ யான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். விறகு வண்டி சத்திரத்துக்குப் போகும். சத்திரத்தில் உப்புக்காரன் இருப்பான். போன வருடம் பட்டையும் வேண்டாம், விருந்தும் வேண்டாம், கட்டும் வேண்டாம். திரும்பிப் போகிற வழியில் வாயைத் திறந்து பாடிக்கொண்டு போயிருந்தால் போதும். அவ்வளவுதான் வேலை. ஹே ஷுன் அப்போது உயிரோடு இருந்தான்.

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று ஊர்களைக் கடந்தார்கள். ஷி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாடிக்கொண்டு மட்டும் வந்தார்.